சங்கரதாஸ் சுவாமிகளின் மெட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அப்பா, வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒரு ராத்திரிக்கு மட்டும் சேர்ந்து நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் வீட்டில் சுவாமிகள் என்றால் சங்கரதாஸ் சுவாமிகள்தான். அவர் படத்தைக் கும்பிடாமல் அப்பா பெட்டியைத் தொட மாட்டார். நான் இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு இறுதியாண்டு படிக்கிறேன். போன மாதம் வகுப்பில் சுவாமிகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். “நாடக ஆசிரியர் என்று எழுது, இசையமைப்பாளர் என்று எழுதாதே. அடுத்தவர் மெட்டில் வார்த்தை போட்டவரை எப்படி, வரியும் மெட்டும் தானே செய்யும் வாக்கேயக்காரர் என்று சொல்வது?” என்று ஆசிரியர் கேட்டுவிட்டார். கூடப் படிக்கும் ஒருவர், “அவர் நடிப்பே சரிவராமல் பயந்து மேடையை விட்டவர்தானே” என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அப்பாவிடம் சொன்னேன். “ஒரு ராத்திரி என் பக்கத்தில் வந்து உட்கார், தெரியும்” என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் அப்பா சொன்னதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அதற்கு முன், நான் இத்தனை வருஷம் நாடகம் பார்த்தும் படித்தும் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் ‘பயந்து மேடையை விட்டவர்’ என்ற பேச்சு. சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அப்பா தாமோதரத் தேவர் தமிழ் படித்தவர். பிள்ளை பழநி தண்டபாணி சுவாமிகளிடம் பாடம் கேட்டார். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். 24 வயதில் அந்த வேலையை உதறிவிட்டு ராமுடு ஐயர், கல்யாணராமய்யர் நாடகக் குழுவில் சேர்ந்தார். அவர் கட்டியதெல்லாம் இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன் போன்ற வேஷங்கள். எமனாக அவர் வந்து நின்ற வேகத்தில் கூட்டத்திலிருந்த ஒரு கர்ப்பிணி மயங்கி விழுந்தாள் என்றும், விடிகாலையில் சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்கக் குளக்கரைக்குப் போனபோது பார்த்த ஒரு பெண் அதிர்ச்சியில் உயிரை விட்டாள் என்றும் நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அதன்பிறகு அவர் அரிதாரம் பூசுவதை விட்டுவிட்டார் என்பார்கள். இந்தக் கதையை உங்கள் நண்பர் தலைகீழாகக் கேட்டிருக்கிறார். தன் நடிப்பு அடுத்தவரை என்ன செய்கிறது என்று பார்த்துப் பதறிய மனிதரின் கதை இது. நடிக்க வராதவரைப் பற்றி இப்படி ஒரு கதை பிறக்காது.

இந்த நடிகர்தான் பிறகு பாட்டு எழுத உட்கார்ந்தார். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. மைக் இல்லாத காலம். கீற்றுக் கொட்டகை, எண்ணெய் விளக்கு, பின்வரிசையில் அழும் பிள்ளைகள். அதைத் தாண்டித் தன் குரல் போக வேண்டும் என்று நின்று பாடியவருக்கு, எந்த எழுத்தில் குரல் விரியும், எந்த எழுத்தில் அடைபடும் என்பது உடம்பிலேயே தெரியும். அவருடைய வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஆலோலம் என்ற சொல்லே ஆகாரத்திலும் ஓகாரத்திலும் வாயை முழுதாகத் திறக்க வைக்கிறது. தினைப்புனத்துக் குருவிக்கு மட்டுமா அது கேட்கிறது? கடைசி வரிசைப் பாய்க்கும் போய்ச் சேர்கிறது. நீங்கள் வாய்ப்பாட்டு படிக்கிறவர், உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

இடையில் அவர் எல்லாவற்றையும் துறந்து ஊர் ஊராக யாத்திரை போனார். சுவாமிகள் என்ற பெயர் அப்படி ஒட்டியதுதான். அந்த நாட்களில் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து வைத்துக்கொண்டவர் உங்கள் ஊர்க்காரர், கஞ்சிராவில் பெரும் பெயரெடுத்த மான்பூண்டியா பிள்ளை. சுவாமிகளைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார். தமிழ் யாப்பைத் தண்டபாணி சுவாமிகளிடம் கற்ற காதுக்கு, லயத்தை இவர் வீட்டில் இருந்தபடி கேட்கக் கிடைத்தது. சுவாமிகளின் சந்தப் பாட்டுகள் கையால் தட்டிப் பார்த்து எழுதியவைபோல இருப்பதற்குக் காரணம் தேட வேறெங்கும் போக வேண்டாம்.

இனி உங்கள் ஆசிரியர் கேள்விக்கு வருகிறேன். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. சுவாமிகள் மெட்டு எடுத்து எழுதியவர்தான். கீர்த்தனை மெட்டு, காவடிச் சிந்து, நொண்டிச் சிந்து, லாவணி, பார்சி நாடகக்காரர்கள் கொண்டுவந்து ஊரெல்லாம் பரப்பிவிட்ட இந்துஸ்தானி மெட்டுகள் என்று எது காதில் விழுந்ததோ அதையெல்லாம் எடுத்தார். அந்தக் காலப் பாட்டுப் புத்தகங்களில் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று தலைப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒளிவுமறைவு கிடையாது. அப்படி எழுதியவரை இசைக்காரர் இல்லை என்றால், வெள்ளைக்காரர் பாண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதிய முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை என்ன செய்வது? ராம நாடகம் எழுதிய அருணாசலக் கவிக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்தவர்கள் அவருடைய மாணவர்களான வெங்கடராமனும் கோதண்டராமனும். கச்சேரியில் அந்தப் பாட்டுகளைப் பாடும்போது நாம் கவியின் பெயரைத்தானே சொல்கிறோம்? தீட்சிதருக்குச் சொந்த மெட்டில் அமைந்த கிருதிகள் கடலளவு உண்டு, சுவாமிகளுக்கு அப்படி இல்லை என்று உங்கள் ஆசிரியர் சொன்னால் அது நியாயம். வாக்கேயக்காரர் என்ற சொல்லை அவருக்காக நானும் வம்படியாகக் கேட்க மாட்டேன்.

ஆனால் இசையமைப்பு என்றால் ராகத்தைத் தேர்ந்து சங்கதி போடுவது மட்டும்தானா? ஒரு ராத்திரி முழுக்க நடக்கிற நாடகத்தில் எந்த இடத்தில் விருத்தம், எங்கே சிந்து, எங்கே பாட்டு நின்று வசனம் வர வேண்டும், யார் எந்த மெட்டில் தொடங்கினால் மற்றவர் அதே மெட்டில் திருப்பிக் கொடுக்கலாம் என்று கட்டுவதும் இசையமைப்புதான். சுவாமிகள் அதைச் செய்தார். 40க்கு மேற்பட்ட நாடகங்களில் செய்தார்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம், திருமயம் பக்கத்துக் கிராமத்தில் கோயில் திருவிழா. வள்ளி திருமணம். ராஜபார்ட், அதாவது கதாநாயகன், மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தார். ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி, திண்டுக்கல்லிலிருந்து. இருவரும் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சேர்ந்து நடிக்கிறார்கள். ஒத்திகை கிடையாது. அரிதாரம் பூசிக்கொண்டே ராஜபார்ட்டு ஆர்மோனியக்காரரிடம் கேட்ட ஒரே கேள்வி, “அண்ணே, அந்தப் பிள்ளைக்கு எத்தனை கட்டை?” என்பதுதான். வள்ளியாக வருபவள் எந்தச் சுருதியில் பாடுவாள் என்று அர்த்தம். பபூன் வந்து சிரிக்க வைத்துப் போனார், நாரதர் வந்து தர்க்கம் பண்ணிப் போனார், மணி இரண்டரையைத் தாண்டியது. வேடனாக வந்த ராஜபார்ட்டு விருத்தத்தை எடுத்தார். மூன்று நாள் தொடர்ந்து நாடகம் போலிருக்கிறது, மேல் ஸ்தாயியில் குரல் பிசிறிவிட்டது. ஆர்மோனியக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மிதிகட்டையில் கால் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. வலக்கை மட்டும் ஒரு கட்டை நகர்ந்து, இறக்கிய சுருதியில் ஆதாரத்தைப் பிடித்து நின்றது. ராஜபார்ட்டு அந்த ஷட்ஜத்தில் வந்து அமர்ந்தார். அடுத்த அடியிலிருந்து புதுச் சுருதி. வள்ளி தன் பதிலை அதே சுருதியில் எடுத்தாள். கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், நான் பெட்டிக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

அது உங்கள் அப்பாவாகக்கூட இருக்கலாம்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, பாட்டுக்கு முன்னால் விருத்தம் ஏன் நிற்கிறது என்று. விருத்தத்துக்குத் தாளக்கட்டு இல்லை. நடிகர் தன் தொண்டையை முட்டிப் பார்க்க, மூச்சைச் சரிசெய்ய, எதிரே நிற்பவரை அளக்க அதில் இடம் இருக்கிறது. அது முடியும்போது எல்லோரும் ஒரே சுருதிக்கு வந்திருப்பார்கள். அதன்பிறகே தாளத்தோடு பாட்டு. இதை விருத்தம் பாடத் தெரிந்த புலவர் எழுதலாம். ஆனால் ராத்திரி இரண்டரை மணிக்குக் குரல் பிசிறும் என்று தெரிந்து அந்த இடத்தில் விருத்தத்தை வைக்க, மேடையில் நின்று தொண்டை கட்டிப்போன ஒருவரால்தான் முடியும். வெவ்வேறு ஊர்க்காரர்கள் ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய நடிக்க முடிகிறதென்றால், அவர்கள் எல்லோருக்கும் பொதுவான பாடமாக அவருடைய நாடகங்கள் இருப்பதுதான் காரணம்.

அந்தப் பாடம் எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கு நாடக நடிகர் விசுவநாத தாஸின் வாழ்க்கையே போதும். வள்ளி திருமணத்தில் முருகனாக வருவார், நடுவே மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேச விடுதலைப் பாட்டைப் பாடுவார், போலீஸ் வந்து பிடித்துப்போகும். வெளியே வந்ததும் மறுபடி அதே முருகன். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் போயிற்று. அத்தனை புதுப் பாட்டுகளை உள்ளே வாங்கியும் நாடகம் உடையவில்லை.

சுவாமிகளுக்கு வயதுவந்த நடிகர்களோடு அலுத்துப் போயிற்று. பாடத்தைத் தாண்டி இஷ்டத்துக்குப் போவார்கள். அதனால் பையன்களை வைத்து, 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று கம்பெனிகளை நடத்தினார். பின்னாளில் பாடகராகவும் நடிகராகவும் பேரெடுத்த கிட்டப்பா அதில் முதல் சபையின் பிள்ளை. நாடகத்தில் பேரெடுத்த டி.கே.எஸ். சகோதரர்கள் இரண்டாவதில் வளர்ந்தவர்கள். அந்தச் சகோதரர்களில் ஒருவரான சிறுவன் சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே ராத்திரியில் அரிக்கன் விளக்கடியில் எழுதி முடித்தார் என்பதைச் சண்முகமே பதிவு செய்திருக்கிறார். பாட்டும் வசனமுமாக நாலு மணி நேர நாடகம், அடித்தல் திருத்தல் இல்லாமல். இதை அதிசயம்போலச் சொல்வார்கள். நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். அந்தப் பையனின் குரல் எதுவரை ஏறும், எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று அவருக்கு முன்பே தெரியும். வளரும் வயதில் குரல் உடைகிற மகரக்கட்டு இன்னும் வராத அந்தக் குரலைக் காதில் வைத்துக்கொண்டுதான் ராத்திரி முழுக்க எழுதியிருக்கிறார்.

1921இல் பக்கவாதம் வந்தது. பேச்சும் போனது. வாய்மொழியாகவே பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியார் அப்படியே கம்பெனியோடு ஊர் ஊராகப் போனார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் இறந்தார். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. உங்கள் அப்பா போய்வந்திருப்பார்.

அவருடைய நாடகங்கள் பல அச்சில் இல்லை. அச்சில் இருப்பவற்றிலும் பாட்டு வரி உண்டு, மெட்டின் பெயர் சிலவற்றுக்கு உண்டு, ஸ்வரம் கிடையாது. மூலப் பாட்டு மறந்துபோனால் வர்ணமெட்டு என்ற குறிப்பால் என்ன பயன்? அந்த மெட்டுகள் இன்றைக்கு உங்கள் அப்பா போன்றவர்களின் விரல்களில்தான் இருக்கின்றன. உங்களுக்கு ஸ்வரப்படுத்தத் தெரியும். அப்பாவோடு போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நாரதர் வரும்போது அவர் என்ன வாசிக்கிறார், வேடனுக்கு எந்த ராகம், கிழவனுக்கு எதை மாற்றுகிறார், எந்த ஊர் ஸ்திரீபார்ட்டுக்கு எத்தனை கட்டை என்று எழுதுங்கள். ஏன் மாற்றினார் என்பதை மறுநாள் காலை டீக்கடையில் கேளுங்கள், ராத்திரி கேட்காதீர்கள்.

பங்குனி பிறந்தால் அவருக்கு வரிசையாக நாடகம் இருக்கும். எந்த ஊர், என்ன தேதி என்று எழுதுங்கள். நானும் வருகிறேன்.

அன்புடன்