வெள்ளிக்கிழமை ரயில்

அன்புள்ள அக்கா,

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு தென்காசிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய் 22 நாள் இருந்துவிட்டு வந்தேன். வந்து இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் வீடு என் கைக்குள் வரவில்லை. வெள்ளிக்கிழமை புறப்பட அம்மா விடவில்லை, சனிக்கிழமைக்கு டிக்கெட் இல்லை. ஞாயிறு சாயங்காலம் பொதிகை ஏறி, திங்கள் விடிந்தும் விடியாமலும் தாம்பரத்தில் இறங்கினோம். அன்றைக்கே பள்ளிக்கூடம், அன்றைக்கே எனக்கு ஆபீஸ். பெரியவன் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். சின்னவள் டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து, "ஆச்சி வீட்டுக்கே போவோம்" என்கிறாள். "மூணு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டுதானே வந்த, இன்னும் என்ன அலுப்பு?" என்று இவர் கேட்கிறார். அங்கேயும் நான் வேலை செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நேற்று மாவுக்குப் போட உளுந்து டப்பாவைத் திறந்தவள் அப்படியே அழுதுவிட்டேன். இது எல்லோருக்கும் வருவதா, எனக்கு மட்டுமா?

எஸ்., குரோம்பேட்டை

அன்புள்ள எஸ்.,

எனக்கும் வந்திருக்கிறது. உங்களுக்கு உளுந்து டப்பா, எனக்கு ஃப்ரிட்ஜ். ஒரு வருஷம் ஊருக்குக் கிளம்பும்போது, ரொம்பப் பொறுப்பாக, எல்லாவற்றையும் துடைத்து சுவிட்சை அணைத்துவிட்டுப் போனேன். கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. உங்களைப் போலவே ஒரு திங்கட்கிழமை காலை வந்து திறந்தால் குப்பென்று வாடை, கதவு ரப்பர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. தண்ணீர் கேன் காலி. தயிருக்கு உறை ஊற்ற ஒரு சொட்டு மோர் இல்லை. கீழே பள்ளி வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். கையில் ஈரத்துணியோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன், மகன் பார்த்திருக்கிறான். அவன் அதைச் சொன்னது நாலு வருஷம் கழித்து.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதைக் குத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நமக்கே தெரிய நாளாகிறது. அம்மா வீட்டில் நீங்கள் சும்மா இருந்திருக்க மாட்டீர்கள். வடகம் பிழிந்திருப்பீர்கள், தேங்காய் துருவியிருப்பீர்கள், பேரன் பேத்தி துணியெல்லாம் அம்மா தலையில் விழக் கூடாதே என்று நீங்களே துவைத்திருப்பீர்கள். ஆனால் "இன்னைக்கு என்ன சமையல்?" என்று ஒருவரும் உங்களிடம் வந்து நின்றிருக்க மாட்டார்கள். சொதியா தீயலா என்பதை அம்மா முடிவு செய்திருப்பார். நீங்கள் தேங்காயைத் துருவிக் கொடுத்தால் போதும். கேன் வியாழக்கிழமையோடு தீர்ந்துவிடும், புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம், கேஸ் புக் பண்ணவில்லை, பால் அட்டை புதுப்பிக்க வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் 22 நாள் உங்கள் தலையில் ஓடவில்லை. தாம்பரத்தில் பைகளை இறக்கியபோது அதுவும் கூடவே இறங்கி வந்துவிட்டது. அலுப்பு அதனால்தான்.

அந்த 22 நாளும் அதே மாதிரி ஒரு கணக்கு உங்கள் அம்மா தலையில் ஓடியிருக்கும். நாங்கள் கிளம்பிய பிறகு அம்மா இரண்டு நாள் எழுந்திருக்காமல் படுத்திருப்பாள் என்று என் அப்பா ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அம்மாவிடம் கேட்டேன். "அவருக்கென்ன தெரியும்" என்று முடித்துவிட்டாள்.

அதனால் வீட்டுக்காரரிடம் "கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். ஒத்தாசை என்றால் எதை எப்போது செய்யச் சொல்வது என்ற நினைப்பு உங்களிடமே இருக்கும். ஒரு விஷயத்தை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பாலும் தண்ணீரும் அவர் பொறுப்பு. முதல் மாதம் இரண்டு நாள் பால் இல்லாமல் கடுங்காப்பி குடித்தோம். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். சொல்லப்போனால், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது தடவை அப்படி ஆகவில்லை.

பிள்ளைகள் விஷயம் எளிது, கொஞ்ச நாள் பிடிக்கும், அவ்வளவுதான். ஆச்சி வீட்டில் மொட்டைமாடியில் ராத்திரி பதினொன்று வரை கதை, காலையில் எட்டு மணிக்கு யாராவது போர்வையை உருவும் வரை தூக்கம். உடம்புக் கடிகாரம் ஒரே ராத்திரியில் திரும்பாது. சீக்கிரம் படு என்று ஒன்பது மணிக்கே அதட்டிப் பயனில்லை, தூக்கம் வராமல் புரளுவார்கள். காலை நேரத்தைப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரே நேரத்துக்கு எழுப்பி, பல் தேய்க்கும் முன்பே பால்கனிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய் நிறுத்துங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் ராத்திரித் தூக்கம் தானாக முன்னால் நகரும். அடுத்த வருஷம் இதை ஊரிலேயே, கடைசி நாலைந்து நாளில் தொடங்கிவிடுங்கள். சின்னவள் மேல் கோபப்படாதீர்கள். ஜூன் தொடக்கத்தில்தான் பள்ளிக்கூடம் திறக்கிறது, குற்றாலத்தில் சாரல் எட்டிப் பார்ப்பதும் அப்போதுதான். அதை விட்டுவிட்டு அவளைக் குரோம்பேட்டை வெயிலுக்குக் கூட்டிவந்திருக்கிறோம். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அப்புறம் அந்தப் பை. பிரித்துவிட்டீர்களா? நான் ஒரு வாரம் பிரிக்காமல் வைத்திருப்பேன். போன வாரத்து நாளிதழில் சுருட்டிய முருங்கைக்காய், உரித்த தேங்காய், கருப்பட்டி, சுக்கு, புளிமிளகாய் பாட்டில். நல்லெண்ணெய் கேனை அம்மா நாலு பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டியிருப்பாள், அப்படியும் எண்ணெய் கசிந்து மகளின் பாவாடை ஓரத்தில் ஏறியிருக்கும். புளிமிளகாயைத் தீர்ந்துவிடக் கூடாதே என்று கரண்டி நுனியில் எடுத்து எடுத்து வைத்து, கடைசியில் பூஞ்சை பிடித்துக் கொட்டியிருக்கிறேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. வந்த முதல் வாரமே காலி. சோறு வடித்து ரசம் வைத்து அப்பளம் பொரித்தால் போதும், தொட்டுக்கொள்ள அம்மா கொடுத்தது இருக்கிறது. என்ன சமைப்பது என்று யோசிக்க முடியாத வாரம் அது. அந்த வாரம் மாவும் அரைக்காதீர்கள். தெருமுனையில் மாவு பாக்கெட் கிடைக்கிறது, வாங்கினால் குடும்ப மானம் போய்விடாது.

சரி, எல்லாவற்றுக்கும் மேல் உங்களைக் கவிழ்த்தது அந்தத் திங்கட்கிழமை. வந்து இறங்கியதற்கும் வேன் வந்து நிற்பதற்கும் நடுவில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் வேண்டும். முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. மே 30-ம் தேதி ரயிலுக்கு மார்ச் 31 காலை 8 மணிக்குத் திறக்கும். மார்ச் கடைசி ஆபீஸில் கணக்கு முடிக்கிற நேரம், மறந்துவிடும். காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு வழி சொல்கிறேன். என் அம்மாவும் வெள்ளிக்கிழமை பெண்ணை அனுப்ப மாட்டாள், வீட்டு லட்சுமி கூடவே போய்விடும் என்பாள். அவளிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. ஆறாவது வருஷம் பக்கத்து வீட்டு ஆச்சிதான் "பரஸ்தானம் வச்சிரு" என்றார். வியாழக்கிழமை நல்ல நேரத்தில் என் பை ஒன்றை அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். அதோடு நான் புறப்பட்டதாகக் கணக்கு. வெள்ளிக்கிழமை மதியம் அங்கிருந்து பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மாவுக்குத் திருப்தி, எனக்குச் சனி ஞாயிறு மிச்சம்.

எந்தப் பையை வைப்பது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வைத்த பையில் எல்லோருடைய பிரஷ்ஷும் மாற்றுத்துணியும் இருந்தன. வியாழக்கிழமை ராத்திரி போய் எடுத்தால் பரஸ்தானம் கெட்டுவிடும் என்று அம்மா விடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நாலு பேரும் விரலால் பல் தேய்த்தோம்.