கடும் பீருக்குத் தண்ணீர்க் கணக்கு: கேள்வி-பதில்

கேள்வி: இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வசிக்கிறேன். வீட்டில் 20 லிட்டர் பார்லி வைன் என்னும் கடும் பீர் காய்ச்ச விரும்புகிறேன். தொடக்க அடர்த்தி (தண்ணீர் 1.000 என்ற அளவில், நொதிக்கும் முன் சாற்றின் அடர்த்தி) 1.100 வர வேண்டும். மாஷுக்கு, அதாவது மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) வெந்நீரில் ஊறவைக்க, எவ்வளவு தண்ணீர்? ஸ்பார்ஜுக்கு, அதாவது ஊறிய மால்ட்டின் மேல் வெந்நீர் ஊற்றிச் சர்க்கரையைக் கழுவி எடுக்க, எவ்வளவு?

கணக்கைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் போடுங்கள். நொதிகலனில் 20 லிட்டர் சேர வேண்டும். கொதிகலனின் அடியில் ஹாப் (பீருக்குக் கசப்புத் தரும் பூ) மண்டியோடு 2 லிட்டர் தங்கும். மணிக்கு 4 லிட்டர் ஆவியானால் 90 நிமிடக் கொதிப்பில் 6 லிட்டர் போகும். ஆகவே கொதிக்கத் தொடங்கும்போது 28 லிட்டர் சாறு தேவை. 11 கிலோ மால்ட், கிலோவுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் வீதம், 11 லிட்டரைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். மாஷ் பாத்திரத்தில் குழாய்க்குக் கீழே 1 லிட்டர் நின்றுவிடும். மொத்தம் 40 லிட்டர். கிலோவுக்கு 2.5 லிட்டர் வீதம் மாஷுக்கு 27.5 லிட்டர், மீதி 12.5 லிட்டர் ஸ்பார்ஜுக்கு. ஆவியாகும் அளவு பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும் என்பதால், ஒரு நாள் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு உங்களுடையதை அளந்துகொள்ளுங்கள். ஊறிய மால்ட் கிலோவுக்கு 0.67 லிட்டர் இடத்தை அடைப்பதால், மாஷ் பாத்திரம் குறைந்தது 35 லிட்டர் கொள்ள வேண்டும்.

கேள்வி: சாதாரண பீரில் எனக்கு 75 சதவீதத் திறன் (மால்ட்டின் சர்க்கரையில் சாற்றுக்கு வந்துசேரும் பங்கு) கிடைக்கிறது. அதே கணக்கில் 8.9 கிலோ மால்ட் போட்டேன், 1.100 வரவில்லை, 1.080-தான் வந்தது. எங்கே தவறு?

உங்கள் கைப்பக்குவத்தில் தவறில்லை. 75 என்ற எண்தான் இங்கே பொருந்தாது. 1.045 அடர்த்தியுள்ள பீருக்கு 4 கிலோ மால்ட் போதும். அதற்கு, ஒரு மணி நேரமே கொதிக்கவிட்டால், ஸ்பார்ஜ் தண்ணீர் 21 லிட்டர், அதாவது கிலோவுக்கு 5 லிட்டருக்கு மேல் கிடைக்கிறது. மேலே சொன்ன பார்லி வைனிலோ கிலோவுக்கு 1 லிட்டரைச் சற்றே தாண்டுகிறது. சக்கை பிடித்துவைத்திருக்கும் திரவம் வெறும் தண்ணீரன்று, கெட்டியான இனிப்புச் சாறு. அதைக் கழுவி எடுக்கத் தண்ணீர் போதாமல் போனால் சர்க்கரை சக்கையிலேயே தங்கிவிடும். வடித்து முடித்த சக்கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்து நாக்கில் வைத்துப் பாருங்கள், தித்திக்கும். எனவே கடும் பீருக்கு 60 சதவீதம் என்று வைத்து மால்ட்டைக் கூட்டுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. கிலோவுக்கு 300 புள்ளி (ஒரு லிட்டரின் அடர்த்தியை 0.001 கூட்டுவது ஒரு புள்ளி) என்று கொண்டால், 11 கிலோவில் 60 சதவீதம் 1,980 புள்ளி. 20 லிட்டரில் 1.099.

தண்ணீரைக் கூட்டியும் சர்க்கரையை மீட்கலாம், ஆனால் கூட்டும் ஒவ்வொரு லிட்டரையும் கொதிக்கவைத்தே வற்றச் செய்ய வேண்டும்: 6 லிட்டர் கூட்டினால் ஒன்றரை மணி நேரம் கூடுதல் எரிபொருள், நிறமும் கருக்கும். அதைவிட, அந்தத் தண்ணீரை வேறு பாத்திரத்தில் வடித்து இலகுவான இரண்டாவது பீராக்குவது நல்லது. இது இங்கிலாந்தின் பழைய முறை. லண்டனின் ஃபுல்லர்ஸ் ஆலை ஒரே மாஷிலிருந்து வெவ்வேறு வீரியமுள்ள பீர்களை எடுத்து வந்திருக்கிறது. வடியும் சாறு 1.010-க்குக் கீழே இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் உமியின் துவர்ப்பு இறங்கத் தொடங்கும்.

கேள்வி: மாஷ் 66 பாகையில் நிற்கத் தண்ணீர் எத்தனை பாகையில் இருக்க வேண்டும்?

0.41-ஐக் கிலோவுக்கான லிட்டரால் வகுத்து, மாஷ் வெப்பத்துக்கும் மால்ட்டின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, 66-உடன் கூட்டுங்கள். மால்ட் 18 பாகை என்றால் 74 பாகை செல்சியஸ். குளிர்காலத்தில் கொட்டகையில் கிடந்து 5 பாகைக்கு இறங்கிய மால்ட்டுக்கு 76 வேண்டும். பாத்திரத்தை முன்பே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிவிடுங்கள்.

கேள்வி: 11 கிலோ போட்டதும் சாறு வடியாமல் அடைத்துக்கொள்கிறது.

300 கிராம் நெல்லுமியை அலசி மால்ட்டோடு கலந்துவிடுங்கள்; படுகை இளகிச் சாறு இறங்கும். குழாயை முழுதாகத் திறக்காமல் முதல் பத்து நிமிடம் நூலிழையாக ஓடவிடுங்கள். ஸ்பார்ஜ் தண்ணீர் 75 பாகையில் இருந்தால் பாகு இளகும்; 77-ஐத் தாண்ட வேண்டாம்.