படிவம் கேட்கும் குடும்பப்பெயர்: வாசகர் கேள்விகளும் ஒரு மென்பொருளாளரின் பதில்களும்

கன்னியாகுமரி மாவட்டக் குழித்துறையில் வீடும், எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் வேலையுமாக இருக்கும் மென்பொருளாளர் ஒருவர், கணினி, கைப்பேசி, வேலை, வீடு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

கேள்வி: என் மகள் திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு கல்லூரிக்கு இணையத்தில் விண்ணப்பித்தாள். குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் ‘எஸ்’ என்ற இனிஷியலை மட்டும் போட்டால் படிவம் ஏற்க மறுக்கிறது. அப்பா பெயரை முழுமையாகப் போட்டால் பின்னாளில் சிக்கல் வருமா?
— ஒரு தாய், மார்த்தாண்டம்

தாராளமாகப் போடலாம், அம்மா. ஆனால் போடுவதற்கு முன் மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் தந்தையின் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ, அதே எழுத்துக்கூட்டலில்தான் இங்கேயும் இருக்க வேண்டும்.

படிவம் ஏன் மறுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை எழுதியவர், பெயர் என்றாலே முதற்பெயர் ஒன்றும் குடும்பப்பெயர் ஒன்றும் இருக்கும் என்று எண்ணி இரண்டு கட்டங்களை வைத்தார். இரண்டையும் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்றார். ஒரே ஓர் எழுத்தை மட்டும் யாராவது போட்டால் அது கை தவறி விழுந்ததாகத்தான் இருக்கும் என்று நினைத்து, குறைந்தபட்ச நீளம் ஒன்றையும் விதித்தார். மூன்றும் மனிதர் ஒருவர் எடுத்த முடிவுகள். கணினிக்கு இதில் எந்தக் கருத்தும் கிடையாது. ‘சிஸ்டம் எடுக்கவில்லை’ என்று அலுவலகங்களில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு இந்தக் கட்டங்கள் எவ்வளவு பொருந்தாதவை என்று எளிதில் தெரிந்துவிடுகிறது. நம் தெருவிலேயே தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுபவர் இருப்பார். அடுத்த வீட்டில், வீட்டுப்பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து இரண்டு எழுத்துகள் போடுபவர் இருப்பார். வேலைக்குப் போன இடத்தில் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் தள்ளிவிட்டவரும் இருப்பார். திருத்தணிக்கு அப்பால் ஆந்திர எல்லைக்குப் போனால், தெலுங்குக் குடும்பங்களில் ‘இண்டி பேரு’ என்னும் வீட்டுப்பெயர் முன்னால் நிற்கும். அது உண்மையிலேயே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர். நம் இனிஷியலோ தந்தையின் பெயர். அண்ணன் தம்பிக்கு ஒன்றாக இருக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கு மாறிவிடும். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்துக்கு மாறிய பெண்களுக்கு ஒரே ஆயுளில் இரண்டு இனிஷியல்கள்.

மனிதர்களுக்கு இது குழப்பமே இல்லை. ஆனால் இரண்டு ஆவணங்களை ஒப்பிடும் நிரலுக்கு ‘எஸ். பிரியா’, ‘பிரியா எஸ்’, ‘பிரியா சுரேஷ்’ ஆகியவை மூன்று வெவ்வேறு ஆட்கள். இதில் பெரிய வேடிக்கை பாஸ்போர்ட்டில் நடக்கிறது. குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு வாங்கிய பாஸ்போர்ட்டோடு அமெரிக்க விசாவுக்குப் போனால், உள்ள பெயர் முழுவதும் குடும்பப்பெயரின் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்று பொருள்படும் ‘எஃப்.என்.யூ.’ என்ற மூன்றெழுத்து அச்சாகும். அங்கே போய் இறங்கிய பிறகு வங்கி அட்டை வரை அந்த மூன்றெழுத்தைத் தன் பெயராகச் சுமப்பவர்கள் உண்டு.

ஆகவே இந்தக் கல்லூரிப் படிவத்தில் தந்தை பெயரை முழுமையாக எழுதிவிடுங்கள். இனி எடுக்கப்போகும் பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அதே வரிசையையே வையுங்கள். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் இருப்பது பற்றிக் கல்லூரியின் உதவி மின்னஞ்சலுக்கு ஒரு வரி எழுதி, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது: ‘முழுப்பெயர்’ என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால் பெரும்பாலான வேலைகள் நடந்துவிடும்.

கேள்வி: நான் களியக்காவிளைச் சந்தையில் ஆட்டோவோடு நிற்கிறேன். என் கைப்பேசி மட்டும் அடிக்கடி என்னைக் கேரளத்துக்கு வரவேற்கிறது. இதனால் காசு பிடிப்பார்களா?
— ஆட்டோ ஓட்டுநர், களியக்காவிளை

சோதனைச் சாவடி சாலையில் இருக்கிறதே தவிர, அலைவரிசையில் இல்லை. கைப்பேசி தனக்கு வலுவாகக் கேட்கும் கோபுரத்தோடு சேர்ந்துகொள்ளும். அது இஞ்சிவிளைப் பக்கம் நின்றால், தொலைத்தொடர்புக் கணக்கில் நீங்கள் தமிழ்நாட்டு வட்டத்தை விட்டுக் கேரள வட்டத்துக்குள் போய்விட்டதாகப் பதிவாகி, வரவேற்புச் செய்தி தானாக வரும். இப்போதைய வழக்கமான திட்டங்களில் நாட்டுக்குள் இதற்கென்று தனிக் கட்டணம் இல்லை. செய்தியை அழித்துவிட்டு சவாரியைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து உறுப்பினர்களுக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால், ஆங்கிலத்தில் அனுப்புவதைப் போல இரண்டு மூன்று மடங்கு செலவாகிறது. செயலர் ஆங்கிலத்துக்கே போய்விடலாம் என்கிறார். தமிழுக்கு ஏன் இந்தத் தண்டனை?
— சங்கப் பணியாளர், தக்கலை

ஒரு குறுஞ்செய்திக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் இடம் 140 பைட். கணினியின் மிகச் சிறிய அளவான பிட்டில் சொன்னால், பைட்டுக்கு 8 வீதம் 1,120 பிட். இந்த அளவை வகுத்த காலத்தில் ஐரோப்பிய எழுத்துகளை மனத்தில் வைத்து, ஓர் எழுத்துக்கு 7 பிட் போதும் என்று கணக்கிட்டார்கள். அதனால் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழுக்கு ஓர் இடத்துக்கு 16 பிட் தேவைப்படுவதால் 70 இடங்கள்தான் கிடைக்கும். செய்தி 70-ஐத் தாண்டினால் துண்டுகளை ஒட்டவைக்கும் குறிப்புக்கும் இடம் வேண்டும் என்பதால் துண்டுக்கு 67 ஆகக் குறைந்துவிடும்.

நான் ‘இடம்’ என்று சொல்வது நாம் பள்ளியில் எண்ணிய எழுத்து அல்ல. ‘நாகர்கோவில்’ என்பதில் நம் கண்ணுக்கு 6 எழுத்துகள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினிக் குறியீடு தரும் யூனிகோடு முறையில் அது 11 குறியீடுகள்: ‘நா’ என்பது நகரமும் துணைக்காலும், ‘ர்’ என்பது ரகரமும் புள்ளியும், இப்படியே ‘கோ’, ‘வி’, ‘ல்’ ஒவ்வொன்றும் இரண்டிரண்டு, ‘க’ மட்டும் தனியாள். பெயர்க் கட்டத்தில் ‘பத்து எழுத்துக்குள்’ என்று நிரலர் எழுதிவைத்தால் நம் மாவட்டத் தலைநகரம் அதில் நுழையாது என்பதையும் கவனியுங்கள்.

நீங்கள் இணைத்திருந்த மாதிரிச் செய்தியைப் பார்த்தேன். ‘அன்புள்ள உறுப்பினர் அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்று தொடங்குகிறது. இந்தத் தொடர் மட்டும், இடைவெளிகளையும் சேர்த்து, 62 இடங்களை எடுத்துக்கொள்கிறது. முதல் துண்டின் காசைக் கிட்டத்தட்ட முழுவதும் வணக்கத்திலேயே செலவழித்துவிட்டு, தவணைத் தேதியை இரண்டாம் துண்டில் சொல்கிறீர்கள். ‘நகைக்கடன் தவணை நாள் மார்ச் 15’ என்று தொடங்கிப் பாருங்கள். ஒரே செய்தியில் அடங்கிவிடும். செயலரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கடன் தவணை பற்றிய செய்தி, வாங்கியவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருப்பதுதான் சங்கத்துக்கும் இலாபம்.

கேள்வி: என் கணவர் வீட்டிலிருந்து அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்கிறார். குளிர்காலத்தில் இரவு 7.30-க்கு இருந்த கூட்டம், மார்ச் மாதம் வந்தால் 6.30-க்கு வந்துவிடுகிறது. கேட்டால் ‘அவர்கள் கடிகாரம் மாறிவிட்டது’ என்கிறார். நம்பலாமா?
— இல்லத்தரசி, நாகர்கோவில்

நம்பலாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். 2007 முதல் இந்தத் தேதிகள்தான் நடைமுறை. நியூயார்க்கில் எப்போதும் காலை 9 மணிக்கே நடக்கும் கூட்டம், நமக்கு ஒரு பருவத்தில் விளக்கேற்றும் நேரத்திலும் மறு பருவத்தில் பிள்ளைகள் சாப்பிடும் நேரத்திலும் விழுவது இதனால்தான்.

நம்பத் தேவையில்லாதது ஒன்று உண்டு: கூட்டம் எப்போதும் அவர்கள் காலையில்தான் நடந்தாக வேண்டும் என்பது. இரு தரப்பிலும் ஆட்கள் இருக்கும் குழுவில், வாரத்தில் சில நாட்கள் அவர்கள் இரவில் அமரட்டும், நாம் காலையில் அமர்கிறோம் என்று கேட்பதில் தவறே இல்லை. கேட்ட குழுக்களில் பெரும்பாலும் ஒப்புக்கொண்டதைத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் நம்மவர்கள் வாய் திறப்பதற்கே இரண்டு பதவி உயர்வு ஆகிவிடுகிறது.

கேள்வி: என் பேரன் படங்களையெல்லாம் ‘கிளவுடில்’ போட்டுவிட்டதாகச் சொல்கிறான். அவை இப்போது எங்கே இருக்கின்றன, யாருக்குச் சொந்தம்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், தக்கலை

உங்கள் வீட்டருகிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது, ஐயா. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் நம் தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்த பிறகும், அதைப் பராமரித்து, நுழைவுச்சீட்டுக் கொடுத்து, கதவைத் திறந்து மூடுவது கேரள அரசின் தொல்லியல் துறை. பொருள் இருக்கும் இடம் ஒன்று, சாவி இருக்கும் கை வேறு. உங்கள் படங்களும் அப்படியே: ஏதோ ஒரு நகரத்தின் தரவு மையத்தில், பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாக, நிறுவனத்தின் வட்டுகளில் இருக்கின்றன. உரிமை உங்களுடையதுதான். ஆனால் கணக்கின் கடவுச்சொல் பேரனிடம் மட்டும் இருந்தால் திறப்பவர் அவர் ஒருவரே. அவர் கணக்கை நிறுவனம் முடக்கினால் அவராலும் முடியாது. முக்கியமான குடும்பப் படங்களை ஒரு வெளிவட்டில் நகலெடுத்து உங்கள் அலமாரியில் வையுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் 30 நாட்களுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறார்கள். இது பாதுகாப்பா?
— கணக்கர், கொல்லங்கோடு

இல்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே, கசிந்ததாகச் சான்று இல்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள், இல்லையேல் திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டுவார்கள். நீளமான ஒன்றை வைத்துக்கொண்டு, அதை வேறெங்கும் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. உங்கள் மேலாளர் கேட்பாரா என்பது வேறு விஷயம்.

கேள்வி: பணம் அனுப்புவதாகச் சொல்லி, அதைப் பெற யூபிஐ பின் எண்ணைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
— மீன் வியாபாரி, குளச்சல்

போடவே கூடாது. பின் எண் என்பது உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதற்கான ஒப்புதல். வருவதற்கு அது தேவையே இல்லை. ஏற்கெனவே போட்டுப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

கேள்வி: மகன் பன்னிரண்டாம் வகுப்பு. கணினி அறிவியல் எடுக்க வேண்டும் என்கிறான். செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதுகிற காலத்தில் அவனுக்கு வேலை இருக்குமா?
— ஒரு தந்தை, பாறசாலை

நம் பகுதியில் இந்தக் கேள்விக்கு ஒரு பின்னணி இருக்கிறது. 1979-இல் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1990-இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் என்னும் மென்பொருள் பூங்கா தொடங்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து, வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு போய் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பும் ஒரு வாழ்க்கையை உண்டாக்கிவிட்டன. பல வீடுகளில் கணினிப் படிப்பு என்பதே ரயில் போகும் திசையைப் பார்த்து எடுத்த முடிவு. அந்தக் காரணத்துக்காக மட்டும் மகன் எடுக்கிறான் என்றால் வேண்டாம் என்பேன்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு எங்கள் வேலை மாறியிருக்கிறது என்பது உண்மை. நகைக்கடனுக்கு வட்டி கணக்கிடும் நிரலை எழுதித் தா என்று கேட்டால் கண் இமைக்கும் நேரத்தில் தந்துவிடும். படித்தால் பிழையில்லாததாகவே தோன்றும். ஆனால் லீப் ஆண்டில் 365-ஆல் வகுப்பதா, 366-ஆல் வகுப்பதா? நகையை மீட்கும் நாளுக்கும் வட்டி உண்டா? பாதி அசலைக் கட்டியவருக்கு எந்தத் தேதியிலிருந்து புதுக் கணக்கு? இவற்றுக்கு விடை அந்தக் கடன் அலுவலகத்தின் விதியேட்டிலும், பல நேரம் அங்கே நெடுங்காலம் இருக்கும் காசாளரின் தலையிலும்தான் இருக்கிறது. கேட்காவிட்டால் இயந்திரம் தானாக ஒன்றை ஊகித்துக்கொண்டு நேர்த்தியாக எழுதிவிடும். அந்த ஊகத்தைக் கண்டுபிடிக்கும் ஆள் தேவைப்படுகிறார்.

புதிதாகச் சேருபவர்களுக்கு முன்பு கொடுத்துவந்த எளிய வேலைகள் குறைந்துவருகின்றன. இதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. மகனிடம் பிறர் எழுதிய நிரல் ஒன்றைக் கொடுத்து, ஏன் தவறான விடை வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை என்றால் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: 2038-இல் உலகக் கணினிகள் எல்லாம் நின்றுவிடும் என்று என் நண்பன் சொல்கிறான். உண்மையா?
— எட்டாம் வகுப்பு மாணவி, செங்கோட்டை

எல்லாம் நிற்காது, ஆனால் உன் நண்பன் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. யூனிக்ஸ் என்னும் பழைய இயங்குதளத்தின் வழிவந்த கணினிகள், 1970 ஜனவரி 1 (கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு, நமக்குக் காலை 5.30) முதல் கடந்த நொடிகளை எண்ணி நேரத்தை அறிகின்றன. பழைய நிரல்களில் அந்த எண்ணிக்கைக்கு 32 பிட் இடம் ஒதுக்கினார்கள். அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 2,147,483,647. அது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியில் நிரம்பிவிடும். அடுத்த நொடியில் எண் குறைமதிப்புக்குத் தாவி, அந்தக் கணினி தேதியை 1901 டிசம்பர் என்று காட்டும். நம் கைப்பேசிகளிலும் புதிய கணினிகளிலும் இப்போது 64 பிட் வைத்துவிட்டார்கள். மாட்டிக்கொள்ளக்கூடியவை, ஒருமுறை பொருத்திவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிகளும், பழைய கோப்பு வடிவங்களும்தான். அந்தப் பெட்டிகளின் நிரல்களில் பல, சி என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டவை. விருப்பமிருந்தால் அதை இப்போதே படிக்கத் தொடங்கு.