‘பணம் திரும்பக் கிடையாது’ என்று போட்டிருந்தால் முழுப் பணமும் போனதா?

கேள்வி: மே மாதக் கடைசியில் கொடைக்கானலில் மூன்று இரவுக்கு இரண்டு அறைகள், ஒரு செயலி வழியாக 34,200 ரூபாய் கட்டி புக் செய்தோம். ‘நான்-ரீஃபண்டபிள்’ என்று போட்டிருந்தது. விலை குறைவாக இருந்ததால் அதையே எடுத்தோம். இப்போது மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பயணத்துக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. செயலியில் கேட்டால் ‘அது ஹோட்டல் விதி’ என்கிறார்கள். ஹோட்டலில் கேட்டால் ‘செயலியைக் கேளுங்கள்’ என்கிறார்கள். எக்ஸ் தளத்தில் புலம்பி ஒரு பதிவு போட்டேன். மறுநாளே ‘ரீஃபண்ட் டிபார்ட்மென்ட்’ என்று ஒருவர் போன் செய்தார். 2,000 ரூபாய் கட்டினால் 80 சதவீதம் வாங்கித் தருவாராம். கட்டலாமா? சட்டப்படி எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: கட்டாதீர்கள். சட்டத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் அந்த ஆளை பிளாக் செய்யுங்கள்.

உங்கள் பதிவில் புக்கிங் எண்ணையும் போன் நம்பரையும் போட்டிருப்பீர்கள். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டு யார் புலம்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் இவர்களுடைய தொழில். உங்கள் புக்கிங் எண்ணை உங்களிடமே படித்துக் காட்டுவார்கள், நீங்களும் ‘கம்பெனி ஆள்தான்’ என்று நம்பிவிடுவீர்கள். முதலில் 2,000. அடுத்து ‘ஜிஎஸ்டி பாக்கி’ என்று இன்னொரு தொகை. அதன்பின் ‘ரீஃபண்ட் ஏறுகிறதா என்று பார்க்க’ உங்கள் போன் திரையைப் பகிரும் ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள். அங்கே 34,200-ஐ மறந்துவிட வேண்டியதுதான், வங்கிக் கணக்கே காலியாகும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. எத்தனை முறை எழுதினாலும் வாரம் ஒருவர் இதில் விழுகிறார்.

கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடி வரும் எண்ணையும் நம்பாதீர்கள். போலி எண்களைத் தேடல் பக்கத்திலும் வரைபடத்திலும் ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். செயலிக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கத்திலிருந்து மட்டும் பேசுங்கள். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால், இந்தப் பதிலைப் படிப்பதை நிறுத்திவிட்டு 1930-ஐக் கூப்பிடுங்கள். சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு உண்டு. அந்த எக்ஸ் பதிவையும் அழித்துவிடுங்கள்.

உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் மற்ற வாசகர்களுக்காக இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன். தெருமுனை டிராவல்ஸ்காரர்களில் சிலர் ‘நான்-ரீஃபண்டபிள்’ விலையில் மலிவாக அறை போட்டுவிட்டு, நம்மிடம் சாதாரண விலையை வாங்கிக்கொள்வார்கள். கேன்சல் செய்யும்போதுதான் ‘ஹோட்டல் தரமாட்டேங்குது சார்’ என்பார்கள். இதைவிட மோசம், ஹோட்டல் பாதியைத் திருப்பித் தந்திருக்கும், அது டிராவல்ஸ்காரரின் கணக்கிலேயே உறங்கும். ஏஜென்ட் மூலம் போட்டவர்கள், ஹோட்டலுக்கே நேராக மின்னஞ்சல் அனுப்பி, ‘இந்த எண் புக்கிங்குக்கு உங்களுக்கு எவ்வளவு வந்தது, எந்தக் கட்டணத் திட்டம், எவ்வளவு திருப்பித் தந்தீர்கள்’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதற்கு ஆதாரம் இருக்கும்.

இனி உங்கள் பணம். ‘நான்-ரீஃபண்டபிள்’ என்று ஒப்புக்கொண்டு புக் செய்தது உண்மைதான். அந்த ஒரு சொல்லே எல்லாவற்றையும் முடித்துவிடும் என்று ஹோட்டலும் செயலியும் நினைக்கின்றன. வாடிக்கையாளர்களும் அப்படியே நம்பி விட்டுவிடுகிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74, வேறு மாதிரி சொல்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், அது உச்சவரம்பு மட்டுமே. மீறியதற்காக எதிர்த் தரப்பு பெறக்கூடியது நியாயமான இழப்பீடு. பணம் முன்பே அவர் கையில் இருக்கிறது என்பதற்காக முழுவதையும் வைத்துக்கொள்ளும் உரிமை தானாக வந்துவிடாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், நுகர்வோர் ஒப்பந்தத்தை மீறியதால் உண்டான இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அளவில் விதிக்கும் தண்டத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது.

ஆக கேள்வி ஒன்றுதான். நீங்கள் வராததால் ஹோட்டலுக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம்?

இங்கேதான் உங்கள் 19 நாள் பொன்னானது. மே மாதக் கடைசி, கொடைக்கானல், உச்ச சீசன். நீங்கள் விட்ட அறையை வேறொருவர் அதே விலைக்கோ கூடுதலாகவோ எடுத்துக்கொண்டால், ஹோட்டலுக்கு ஒரே அறைக்கு இரண்டு வாடகை. டெல்லி வளர்ச்சி ஆணையம் சம்பந்தப்பட்ட ஒரு மனை வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் பேசியதும் இதைத்தான். ஏலம் எடுத்தவர் கட்டியிருந்த 78 லட்சம் ரூபாய் முன்பணத்தை ஆணையம் பறிமுதல் செய்துவிட்டு, அதே மனையை மறு ஏலத்தில் பல மடங்கு விலைக்கு விற்றது. நஷ்டமே இல்லாதபோது எதற்காகப் பறிமுதல் என்று கேட்டு, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம். அந்த வழக்கில் ஏலம் எடுத்தவர் மீது தவறும் இல்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் நஷ்டம் இல்லாமல் இழப்பீடு இல்லை என்ற வாதத்துக்கு அது பலமான தூண்.

அறை மறுபடி விற்றதா என்பதை நீங்களே கண்காணிக்கலாம். கேன்சல் செய்த மறுநாள், அதே செயலியில் அதே தேதிகளைப் போட்டு, அதே வகை அறை விற்பனைக்கு வந்திருக்கிறதா, என்ன விலை என்று பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், தேதியும் நேரமும் தெரியட்டும். அதன்பின் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். நீங்கள் போக வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு கட்டாயம் பாருங்கள். அந்தத் தேதிகளில் ‘அறைகள் இல்லை’ என்று காட்டினால், உங்கள் அறையும் போய்விட்டது என்று நீங்கள் வாதிடலாம். இல்லை என்று ஹோட்டல் சொன்னால், விருந்தினர் பதிவேட்டைக் காட்டும்படி நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம். பதிவேடு அவர்களிடம்தானே இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: வேறொரு தளத்தில் அறை காலியாகத் தெரிந்தால் இந்த வாதம் வலுவிழக்கும், அதனால் இரண்டு மூன்று தளங்களில் பாருங்கள், ஹோட்டலின் சொந்த இணையதளத்திலும் பாருங்கள். கடைசி வரை அறை காலியாகவே கிடந்தால், ஹோட்டலுக்கு நஷ்டம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அப்போதும் காலை உணவு, துணி துவைப்பு, அறை சுத்தம் என்று மிச்சமானதைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இதனாலேயே ‘பணம்தான் போய்விட்டதே’ என்று கேன்சல் செய்யாமல் சும்மா இருப்பது பெரிய முட்டாள்தனம். அறை உங்கள் பெயரிலேயே பூட்டிக் கிடக்கும், ஹோட்டலுக்கு மறுபடி விற்க வழியில்லை, நஷ்டம் முழுவதும் உங்கள் தலையில்.

ஆனால் செயலியில் கேன்சல் பட்டனை இப்போதே அழுத்தாதீர்கள். அழுத்தினால் ‘ரீஃபண்ட்: ரூ. 0’ என்று திரை கேட்கும், நீங்கள் சம்மதம் என்று தட்டிவிடுவீர்கள், அதையே அவர்கள் ஆதாரமாக்குவார்கள். முதலில் ஹோட்டல் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல், அதன் நகல் செயலியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. நீளமாக வேண்டாம். ‘குடும்பத்தில் அறுவை சிகிச்சை, மருத்துவமனைச் சான்று இணைத்துள்ளேன். இன்ன எண் புக்கிங்கை 19 நாள் முன்பாகவே விடுகிறேன், அறையை உடனே விற்பனைக்கு விட்டுக்கொள்ளலாம். தேதி மாற்றம் அல்லது நியாயமான கழிவு போக மீதித் தொகை தர வேண்டும். கட்டிய பணம் செயலியிடம் இருக்கிறதா, உங்களுக்கு வந்துவிட்டதா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.’ இவ்வளவுதான். கடைசி வாக்கியம் மிக முக்கியம். பல தளங்கள் விருந்தினர் தங்கிய பிறகுதான் ஹோட்டலுக்குப் பணம் அனுப்புகின்றன. ‘அவரைக் கேள், இவரைக் கேள்’ என்ற பந்தாட்டம் அந்த ஒரு வரியில் நிற்கும். இரண்டு நாள் பொறுங்கள். ஹோட்டல் ‘சரி’ என்று எழுதினால் அதை அப்படியே செயலிக்கு அனுப்புங்கள், ‘ஹோட்டல் விதி’ என்ற சாக்கு அங்கே தீர்ந்தது. பதிலே இல்லாவிட்டால், ‘ரீஃபண்ட் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கேன்சல் செய்கிறேன்’ என்று இன்னொரு மின்னஞ்சல் போட்டுவிட்டு பட்டனை அழுத்துங்கள்.

இ-பாஸ் (கொடைக்கானலுக்குள் வண்டியில் போக எடுக்கும் அனுமதி) கிடைக்கவில்லை என்று காரணம் எழுதச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். வேண்டாம். கோடையில் கொடைக்கானலுக்கு வாகன உச்சவரம்பு வைத்த உயர் நீதிமன்றம், பொதுப் போக்குவரத்துப் பேருந்துகளை அதில் சேர்க்கவில்லை. ‘பஸ்ஸில் வந்திருக்கலாமே’ என்று கேட்டுவிடுவார்கள். உண்மையான காரணம் கையில் இருக்கும்போது பொய் எதற்கு?

செயலிக்கென்று தனிக் கடமைகளும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அதே விதிகளில் இன்னொரு வரி: தாங்களே ஆர்டரை ரத்து செய்தால் அதேபோன்ற கட்டணத்தைத் தாங்களும் ஏற்காத நிறுவனம், வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் வசூலிக்கக் கூடாது. ‘ஹோட்டல் வைத்த கட்டணம், எங்களுடையதல்ல’ என்பார்கள். அப்படியானால் ‘கன்வீனியன்ஸ் ஃபீ’ என்று நீங்கள் தனியாகப் பிடித்ததையாவது திருப்புங்கள் என்று கேளுங்கள். புக் செய்தபோது ‘இன்னும் 2 அறைகளே, 30 பேர் பார்க்கிறார்கள்’ என்று மிரட்டியிருந்தார்களா? பொய்த் தகவலோடு அப்படி அவசரப்படுத்துவதை 2023 நவம்பரில் வந்த ‘டார்க் பேட்டர்ன்’ (வாடிக்கையாளரை ஏமாற்றும் திரைத் தந்திரங்கள்) வழிகாட்டுதல்கள் கிட்டத்தட்ட இதே வாசகத்தை உதாரணமாகக் காட்டித் தடுக்கின்றன. ஸ்கிரீன்ஷாட் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டு ‘சார்ஜ்பேக்’, அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது, இங்கே பெரும்பாலும் எடுபடாது. நீங்களாகவே விலகியதற்கு வங்கி பணம் பிடித்துத் தராது.

எழுதியும் மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழில் பேசலாம், காசு இல்லை. அவர்களால் உத்தரவு போட முடியாது, நிறுவனத்துக்குத் தட்டிவிட மட்டுமே முடியும். பெரிய தளங்கள் இந்தத் தட்டலுக்கே சில சமயம் இறங்கிவருவதைப் பார்த்திருக்கிறேன்.

அதன்பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடைக்கானலுக்கோ செயலியின் தலைமையகம் இருக்கும் ஊருக்கோ ஓட வேண்டாம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஹோட்டல், செயலி இரண்டையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஒன்றை விட்டால் இன்னொன்று விட்டதன் மேல் பழி போடும்.

மனுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. மேலே சொன்ன ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற தலைப்பில் புகார் போட்டால் மாவட்ட ஆணையம் அதை எடுக்க முடியாது. சட்டம் அந்த அதிகாரத்தை மாநில ஆணையத்துக்குத்தான் கொடுத்திருக்கிறது. 34,200 ரூபாய்க்காகத் திருப்பூர்க்காரர் மாநில ஆணையத்தின் படியேற வேண்டுமாம்! இதை எழுதியவர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வாய்தாவுக்குப் பஸ் ஏறியிருக்க மாட்டார்கள். அதனால் ‘சேவைக் குறைபாடு’, ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்ற தலைப்புகளில் எழுதி, பிரிவு 74-ஐ வாதத்தில் வையுங்கள். எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று அதே சட்டத்தில் அழகாக எழுதியிருக்கிறது. உறுப்பினர் பதவி காலி, ஆள் வரவில்லை, அடுத்த வாய்தா என்று அது எத்தனை மாதமாகும் என்பதை நான் சொல்லி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை.

முழுத் தொகையையும் எதிர்பார்க்காதீர்கள். பக்கத்திலேயே கூடுதல் விலையில் ரீஃபண்ட் உள்ள அறையும் காட்டியிருந்தால், ‘தள்ளுபடிக்காகத் தெரிந்துதானே எடுத்தீர்கள்’ என்று ஆணையம் கேட்கும். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. மனு போடுவதற்கு முன்பே ஹோட்டல் பாதித் தொகை தருவதாகச் சொன்னால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்கிக்கொள்வேன். பணத்துக்குப் பதிலாக வவுச்சர் தருவதாகச் சொன்னால், குறைந்தது ஓராண்டு செல்லுபடி கேளுங்கள். மாமியார் எழுந்து நடமாட அவ்வளவு காலம் தேவைப்படலாம். ஏப்ரல், மே, தீபாவளி, டிசம்பர் கடைசி வாரம் ஆகிய நாட்களில் செல்லாது என்று அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை எடுக்கச் சொல்லி, எடுத்ததை மின்னஞ்சலில் வாங்கிய பிறகு சம்மதம் சொல்லுங்கள்.