14 வயது மகனுக்கு ஒரு முழங்காலில் மட்டும் வலி, புற்றுநோயாக இருக்குமா?
மூன்று வாரமாக வலிக்கிறது, ராத்திரியில் எழுப்பிவிடுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் விளையாட்டில் பட்ட அடிதான். எலும்புப் புற்றுநோய் அபூர்வம். ஆனால் 'வளர்ற வயசு' என்று கோடாலித் தைலம் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். வளர்ச்சி வலி இரண்டு காலிலும் வரும், விடிந்தால் போய்விடும். பிள்ளைகளுக்கு வரும் எலும்புப் புற்றுநோய்களில் முதலிடம் ஆஸ்டியோசார்கோமாவுக்கு. மளமளவென்று உயரும் வயதில், முழங்காலை ஒட்டிய எலும்பில்தான் அது அதிகம் தொடங்கும். கீழே விழுந்ததால் வருவதில்லை; விழுந்தபோது கண்ணில் படும், அவ்வளவுதான்.

சரி, சிங்கப்பூரில் இருந்தால் பாலிகிளினிக்கில் (பலதுறை மருந்தகத்தில்) எக்ஸ்ரே கேளுங்கள். சந்தேகமிருந்தால் கேகே பெண்கள், குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடத்துக்கு அனுப்புவார்கள். திசுப் பரிசோதனையை (கட்டியில் ஊசி போட்டுத் துளி எடுத்துப் பார்ப்பதை) அறுவை சிகிச்சை செய்யப்போகும் குழுவே செய்வது நல்லது: ஊசி போன தடத்தையும் பின்னால் சேர்த்து வெட்டியெடுக்க வேண்டிவரலாம். இப்போது பலருக்குக் காலை எடுக்க வேண்டிவருவதில்லை. முதலில் கீமோ (புற்றுநோய் மருந்து), அப்புறம் கட்டியுள்ள எலும்பை நீக்கி உலோக மூட்டு, மறுபடி கீமோ.