ஆன்லைனில் ஜெயிக்கும் கேம்பிட் போட்டியில் காலை வாருவது ஏன்?

கேள்வி: மூன்று நிமிட ஆன்லைன் செஸ் ஆட்டங்களில் கறுப்பில் எங்லுண்ட் கேம்பிட் (ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைப் பலிகொடுத்து ஆடும் முறை) ஆடி நிறைய ஜெயிக்கிறேன். போன மாதம் ஒரு ரேட்டிங் போட்டியில் அதையே ஆடி மூன்று ஆட்டம் தோற்றேன். விட்டுவிடலாமா?

பதில்: மூன்று நிமிட ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு வேண்டாம். (பலர் நினைப்பதுபோல இது இங்கிலாந்துச் சரக்கு அல்ல, ஸ்வீடன்காரர் ஃப்ரிட்ஸ் எங்லுண்ட் பெயரில் வந்தது.)

நகர்த்தல்களை எழுதிவைத்த உங்கள் ஸ்கோர்ஷீட்டை எடுத்து ஆறாவது நகர்த்தலைப் பாருங்கள். வெள்ளை டி4 ஆடியதும் இ5 சிப்பாயைக் கொடுக்கிறீர்கள் (டி4, இ5 எல்லாம் பலகைக் கட்டங்களின் பெயர்கள்). வெட்டுகிறார். இரண்டு பக்கமும் குதிரை வருகிறது, உங்கள் ராணி இ7-க்குப் போகிறது. லண்டன் சிஸ்டம் (பிஷப்பைச் சீக்கிரமே எஃப்4-க்குக் கொண்டுவரும் வெள்ளையின் தொடக்கம்) ஆடிப் பழகியவர் கை தானாக பிஷப்பை எஃப்4-இல் வைக்கும். ராணி பி4-இல் செக், பிஷப் டி2-க்குத் திரும்புகிறது, நீங்கள் பி2 சிப்பாயைத் தின்கிறீர்கள். இப்போது அவர் அவசரப்பட்டு ராணியை விரட்ட பிஷப்பை சி3-இல் வைத்தால் உங்கள் பிஷப் பி4-க்கு வரும், கதை முடிந்தது: அவர் ராணி டி2, உங்கள் பிஷப் சி3-இல் வெட்டு, அவர் ராணியால் திருப்பி வெட்டினால் உங்கள் ராணி சி1-இல் மேட். குதிரையால் வெட்டினால் ஏ1 யானை போச்சு.

ஆனால் யோசிக்க நேரம் இருப்பவர் சி3-இல் பிஷப்பை வைக்க மாட்டார், குதிரையை வைப்பார். நீங்கள் பிஷப் பி4 ஆடினால் யானை பி1, ராணி ஏ3, யானை பி3, ராணி ஏ5. எண்ணிப் பாருங்கள்: எட்டு நகர்த்தலில் ஐந்து ராணிக்கே போய்விட்டது. வெள்ளைக் காய்கள் வெளியே வந்து நிற்கின்றன. சிப்பாய்க் கணக்கு சமம்தான், ஆட்டம் சமமில்லை.

எந்த கேம்பிட்டையும் நான் ஒரே கேள்வியால்தான் எடைபோடுவேன்: எதிராளி சரியான நகர்த்தலைக் கண்டுபிடித்துவிட்டால் என் கையில் என்ன மிச்சம்? எங்லுண்டில் ஒன்றுமில்லை.

பொறி வைக்கிற ஆசை விடாது, தெரியும். அப்படியானால் புடாபெஸ்ட் கேம்பிட் பாருங்கள். டி4-க்குக் குதிரை எஃப்6, சி4-க்கு இ5. அவர் வெட்டியதும் குதிரை ஜி4-க்குத் தாவும். பிஷப் எஃப்4, குதிரை சி6, குதிரை எஃப்3, பிஷப் பி4 செக், குதிரை பி1-இலிருந்து டி2, ராணி இ7. இங்கே அவர் ஏ3 ஆடி உங்கள் பிஷப்பை மிரட்டுவார். கண்டுகொள்ளாமல் ஜி4 குதிரையால் இ5 சிப்பாயை எடுங்கள். ஆசைப்பட்டு பிஷப்பை வெட்டினால் குதிரை டி3-இல் மேட், ஏனென்றால் அவருடைய இ2 சிப்பாய் உங்கள் ராணிக்கு முன் கட்டுண்டு கிடக்கிறது, அது நகர்ந்து குதிரையை வெட்டினால் அவர் ராஜா செக்கில் மாட்டும். வெட்டாவிட்டாலும் கொடுத்த சிப்பாய் திரும்பி வந்தாயிற்று, காய்கள் நல்ல இடத்தில் நிற்கின்றன. பொறி என்றால் இப்படி இருக்க வேண்டும், நல்ல நகர்த்தல்களின் வழியிலேயே.

ஒரு சிக்கல் உண்டு. இரண்டாவது நகர்த்தலில் சி4-க்குப் பதில் அவர் குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவந்தால் புடாபெஸ்ட் ஆட வழியில்லை. சரி, அதற்கு டி5, அப்புறம் இ6 என்று சாதாரணமாக ஆடவும் பழகிக்கொள்ளுங்கள்.