வாசகர் கேள்வி-பதில்: கணக்கும் விசைப்படமும்

கேள்வி: 20 டிகிரி சாய்வுள்ள தளத்தில் 5 கிலோகிராம் நிறையுள்ள கட்டை ஓய்வில் இருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.6 என்றால், உராய்வு விசை எவ்வளவு என்பது கணக்கு. குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கி 27.6 நியூட்டன் என்று எழுதினேன். விடைப்பகுதியில் 16.8 என்று அச்சிட்டிருக்கிறார்கள். சூத்திரம் சரியாக இருக்கும்போது விடை எப்படித் தவறாகும்?
- பதினோராம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

பதில்: உங்கள் பெருக்கலில் பிழை இல்லை. ஈர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று கொண்டால் கட்டையின் எடை 49 நியூட்டன். அதில் தளத்துக்குச் செங்குத்தான கூறு ஏறத்தாழ 46, தளத்தின் வழியே கீழ்நோக்கி இழுக்கும் கூறு 16.8. அந்த 46-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 27.6 தான் வரும். ஆனால் அந்த எண்ணைக் கட்டையின் விசைப்படத்தில், அதாவது அதன் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளாகக் காட்டும் படத்தில், வைத்துப் பாருங்கள். கீழே இழுப்பது 16.8, மேலே பிடிப்பது 27.6 என்றால், மிஞ்சுகிற 10.8 நியூட்டன் அந்தக் கட்டையைத் தளத்தின் மேல்நோக்கி முடுக்க வேண்டும். யாரும் தொடாமல் சரிவில் தானாக மேலேறும் கட்டையை நாம் எங்கும் கண்டதில்லை.

குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கிக் கிடைப்பது உராய்வு விசையின் அளவு அன்று. அது எட்டக்கூடிய உச்ச வரம்பு மட்டுமே. ஓய்வில் இருக்கும் பொருளின் மேல் உராய்வு, நழுவலைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் செயல்படும். பலகையைக் கிடையாக வைத்தால் அது பூச்சியம். 10 டிகிரி தூக்கினால் 8.5 நியூட்டன்; 20 டிகிரியில் 16.8. இப்படித் தூக்கிக்கொண்டே போய், சாய்வு ஏறத்தாழ 31 டிகிரியை எட்டும்போதுதான் தேவையும் வரம்பும் சமமாகின்றன. அதற்கு மேல் கட்டை நழுவத் தொடங்கும், அப்போது இயக்க உராய்வுக் குணகத்தைப் பயன்படுத்த வேண்டும். ஆகவே இத்தகைய கணக்கில் முதலில் பொருள் ஓய்வில் இருப்பதாகவே கொண்டு, அதற்குத் தேவையான உராய்வைச் சமநிலைச் சமன்பாட்டிலிருந்து கண்டுபிடியுங்கள்; பிறகு அது வரம்புக்குள் அடங்குகிறதா என்று ஒப்பிடுங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பயிற்சிக் கணக்குகளில் பெரும்பாலானவை "நழுவும் தறுவாயில்" என்றே தொடங்குவதால், அந்த ஒரு நிலைக்கு உரிய சமன்பாடு எல்லா நிலைக்கும் உரியதாக மனத்தில் பதிந்துவிடுகிறது.

கேள்வி: என் தம்பி பாலிடெக்னிக் முதலாண்டில் படிக்கிறான். விசையியல் கணக்கு புரியவில்லை என்று வரும்போதெல்லாம் முழுவதையும் போட்டுக் காட்டுகிறேன். "புரிந்தது அக்கா" என்கிறான்; தேர்வில் அதே கணக்கை எண்களை மாற்றிக் கொடுத்தால் திணறுகிறான். நான் எப்படி உதவ வேண்டும்?
- பொறியியல் இறுதியாண்டு மாணவி, ஈரோடு

பதில்: பேனாவை அவன் கையிலேயே இருக்க விடுங்கள். நீங்கள் எழுதும்போது ஒவ்வொரு வரியும் சரிதான் என்று ஒப்புக்கொள்வது அவனுக்கு எளிது. அடுத்த வரி எதுவாக இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் வேலையை மட்டும் அவன் செய்வதே இல்லை. தேர்வு கேட்பதோ அந்த முடிவை.

ஏணிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 5 மீட்டர் நீளமும் 200 நியூட்டன் எடையும் உள்ள சீரான ஏணி, உராய்வே இல்லாத சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. முதலில் ஏணியை மட்டும் தனியாக வரையச் சொல்லுங்கள். சுவரும் தரையும் படத்தில் வரக் கூடாது, அவை ஏணியைத் தள்ளும் விசைகள் மட்டுமே வர வேண்டும். ஒவ்வோர் அம்புக்குறிக்கும் "இந்த விசையை எந்தப் பொருள் தருகிறது?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத அம்புக்குறியை அவனே அழித்துவிடுவான். நான் பார்த்த வரையில் மாணவர்களின் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

அடுத்து, எந்தப் புள்ளியைப் பற்றித் திருப்புத்திறன் (விசையை, அந்தப் புள்ளியிலிருந்து விசைக்கோட்டின் செங்குத்துத் தொலைவால் பெருக்கியது) எடுக்கலாம் என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஏணியின் நடுப்புள்ளியை எடுத்தால் அதைத் தடுக்காதீர்கள். தெரியாத விசைகள் மூன்றும் சமன்பாட்டில் வந்து நிற்பதைப் பார்த்த பிறகு, அடிப்புள்ளியில் இரண்டு விசைகள் ஒன்றுசேர்கின்றன, அங்கே எடுத்தால் அவை இரண்டும் விலகிவிடும் என்பது அவனுக்கே புலப்படும். ஏணியின் உச்சி தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; எடை செயல்படும் நடுப்புள்ளி அடியிலிருந்து கிடையாக 1.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே சுவரின் விசையை 4 மீட்டரால் பெருக்கியது, 200-ஐ 1.5 மீட்டரால் பெருக்கியதற்குச் சமம். சுவரின் விசை 75 நியூட்டன். தரையின் உராய்வும் அதே 75, தரையின் செங்குத்து விசை 200. ஏணி வழுக்காமல் நிற்கத் தரையின் உராய்வுக் குணகம் குறைந்தது 0.375 இருக்க வேண்டும்.

விடை வந்ததும் நிறுத்திவிடாமல், ஏணியின் உச்சியில் ஓர் ஆள் ஏறி நின்றால் வழுக்கும் வாய்ப்பு கூடுமா குறையுமா என்று கேளுங்கள். எண் எதுவும் கொடுக்காமல் கேட்பது முக்கியம். கூடும் என்பதை அவன் படத்திலிருந்தே விளக்கினால், எண் மாறிய கணக்கு அவனை இனிப் பயமுறுத்தாது.

கேள்வி: நிமிடத்துக்கு 1440 சுற்று வேகத்தில் 10 கிலோவாட் திறனைக் கடத்தும், 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டில் சறுக்குப் பெயர்ச்சித் தகைவு (முறுக்கப்படும் தண்டின் உள்ளே ஓரலகுப் பரப்பில் எழும் விசை) 0.0216 என்று எனக்கு விடை வருகிறது. நண்பனுக்கு 21.6 வருகிறது. யார் சொல்வது சரி?
- இயந்திரவியல் பட்டயப் படிப்பு மாணவர், ஓசூர்

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. சுழற்சி வேகம் நொடிக்கு 150.8 ரேடியன், 10,000 வாட்டை அதனால் வகுத்தால் திருப்புவிசை 66.3 நியூட்டன் மீட்டர். இதுவரை இருவரும் ஒன்றாகவே வந்திருக்கிறீர்கள். அதன் பிறகு நீங்கள் விட்டத்தை மில்லிமீட்டரிலும் திருப்புவிசையை மீட்டர் கணக்கிலும் வைத்துவிட்டீர்கள். 66,300 நியூட்டன் மில்லிமீட்டர் என்று மாற்றிக்கொண்டு, 16-ஆல் பெருக்கி, பை மடங்கு விட்டத்தின் முப்படியால் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 21.6 நியூட்டன், அதாவது 21.6 மெகாபாஸ்கல்.

அலகைச் சரிபார்க்க மறந்திருந்தாலும் விடையே உங்களை எச்சரித்திருக்கும். பாடநூல் கணக்குகளில் எஃகுத் தண்டுக்கு அனுமதிக்கும் தகைவு பெரும்பாலும் 40 முதல் 55 மெகாபாஸ்கல் வரை இருக்கும். உங்கள் கணக்கு உண்மையானால் 2 மில்லிமீட்டர் கம்பியே இந்த வேலைக்குப் போதும். 10 கிலோவாட் என்பதோ 5 எச்.பி. கிணற்று மோட்டாரைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகமான திறன். வல்லுநர்களும் இங்கே இடறியிருக்கிறார்கள். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது அழிந்ததற்குக் காரணம், தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று நியூட்டனுக்குப் பதிலாகப் பவுண்டு விசையில் எண்களைத் தந்ததுதான். ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகையும் எழுதுங்கள்.

கேள்வி: சைக்கிள் மிதிக்கும்போது சக்கரங்களின் மேல் உராய்வு எந்தத் திசையில் செயல்படுகிறது?
- வாசகர், மன்னார்குடி

பதில்: மிதித்து வேகம் கூட்டும்போது பின்சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது, எனவே அதன் மேல் தரையின் உராய்வு முன்னோக்கி. முன்சக்கரத்தைச் சங்கிலி சுழற்றுவதில்லை. சட்டம் அதை முன்னே தள்ள, தரையின் உராய்வுதான் அதைச் சுழலவைக்கிறது. ஆகவே அங்கே உராய்வு பின்னோக்கி. மிதிப்பதை விட்டு இறங்கி, சைக்கிளைக் கையால் தள்ளி வேகம் கூட்டும்போது இரண்டு சக்கரங்களிலும் உராய்வு பின்னோக்கியே இருக்கும்.